கொத்தாத சுவர்

வாய்க்குள் ஒரு பட்டறை – 17

சோழவந்தான் பக்கம் பல்லில் போட்ட கேப் கழன்று விழுந்தால் யாரும் அதைத் தூக்கிப் போடுவதில்லை. கைக்குட்டை முனையில் முடிந்தோ, மாத்திரை வாங்கிய காகித உறையில் சுருட்டியோ, சில சமயம் வெற்றிலையிலேயே மடித்தோ பத்திரமாகக் கொண்டு வருவார்கள். "டாக்டர், ராத்திரி சாப்பிடும்போது பொசுக்குன்னு வந்துருச்சு. நல்லவேளை முழுங்கல. அப்படியே திருப்பி ஒட்டிவிட்ருங்க" என்பார்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே கேப் இருக்கும். அதன் அடியில் ஒரு வெளிர் நிறக் குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். போன வாரம் வேர் சிகிச்சை முடிந்த பல்லோடு நிறுத்தினோமே, அந்தப் பல்லின் வேருக்குள் நட்டு, மேலே கட்டடம் எழுப்பப் பயன்படுவது இந்தக் குச்சிதான். ஃபைபர் போஸ்ட் என்பது இதன் பெயர். ஊரில் இதையும் 'கம்பி' என்றே சொல்கிறார்கள். உலோகம் துளியும் இல்லாத கம்பி.

அப்படியே ஒட்டி அனுப்பிவிடலாம். பல இடங்களில் அதுதான் நடக்கிறது. ஆனால் ஒட்டுவதற்கு முன் அந்தக் குச்சியை ஒரு பூதக்கண்ணாடியில் பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் தப்பு எங்கே நடந்தது என்று குச்சியே சொல்லிவிடும். குச்சி சுத்தமாக, பெட்டியிலிருந்து எடுத்த அன்று இருந்த வழுவழுப்போடு இருந்தால், சிமென்ட் வேருக்குள்ளேயே தங்கிவிட்டது, குச்சியைத்தான் அது பிடிக்கவில்லை என்று அர்த்தம். குச்சியின் மேல் சிமென்ட் முழுக்கப் படிந்து வந்திருந்தால் குச்சியும் சிமென்ட்டும் நன்றாகத்தான் சேர்ந்திருக்கின்றன, வேரின் சுவர்தான் கைவிட்டிருக்கிறது. பாதி அங்கே பாதி இங்கே என்றும் வரும். இந்த மூன்றில் எது என்று பார்க்காமல் மறுபடி ஒட்டினால், அதே குச்சி இன்னொரு காகிதத்தில் சுருண்டு திரும்பி வரும்.

சோழவந்தான் வைகைக் கரை ஊர். கொடிக்கால் ஊர். அகத்தி மரத்தைத் துணையாக வைத்து வெற்றிலைக்கொடி ஏற்றுகிற வேலை இங்கே தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. சோழவந்தான் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. வெற்றிலையின் மேல் பல் மருத்துவத்துக்குப் பெரிய வழக்கு எதுவும் கிடையாது. அதோடு சேர்ந்து வாய்க்குள் போகும் பாக்கும் புகையிலையும்தான் வம்பு. பாக்கைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இல் தன் வெளியீட்டில் முதல் வகையிலேயே சேர்த்துவிட்டது. அது தனிக் கதை. இந்தத் தொடரில் பிறகு வரும். இப்போதைக்கு நமக்கு வேண்டியது, வருடக்கணக்கில் கொட்டைப் பாக்கு மெல்லும் வாயில் பற்களின் மேல்பரப்பு தேய்ந்து தட்டையாகிவிடும் என்பது மட்டும். தேய்ந்த பல் விரிசல் விடும், ஒரு ஓரம் உடையும். வலித்தால்தான் டாக்டர் என்கிற வழக்கம் வேறு. ஆள் வந்து சேரும்போது ஈறுக்கு மேலே அதிகம் மிஞ்சியிருக்காது.

வேர் மட்டும் நன்றாக இருந்தால் பல்லைக் காப்பாற்றலாம். நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து, வேரின் குழாயைக் குட்டா பெர்ச்சா என்கிற மரப்பாலால் அடைப்பார்கள். (19ஆம் நூற்றாண்டில் கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிகளுக்கு உறையாக இருந்ததும் இதே பொருள்தான்.) அந்த அடைப்பில் நுனியில் 4, 5 மில்லிமீட்டர் விட்டுவிட்டு மீதியை எடுத்தால் ஒரு குழி கிடைக்கும். அதில் போஸ்டை நட்டு, வெளியே நீளும் முனையைச் சுற்றிப் பிசின் கலவையில் பல்லின் உள்கட்டை உருவாக்கி, அதன் மேல் கேப்பை மாட்டுவார்கள். போஸ்ட் போட்டால் பல் பலமாகிவிடும் என்ற நம்பிக்கை நோயாளிகளிடம் மட்டுமல்ல, சில டாக்டர்களிடமும் இருக்கிறது. அப்படி ஒன்றும் இல்லை. உள்கட்டை நிற்க ஒரு பிடி வேண்டும், அதற்குத்தான் போஸ்ட். பிடி வேறு வழியில் கிடைத்தால், குறிப்பாகக் கடைவாய்ப் பற்களில், போஸ்டே வேண்டாம்.

வேருக்குள் எதையாவது நட்டுப் பல் கட்டும் வேலை பழையது. பிரான்சின் பியேர் ஃபோஷார் 1728இல் வெளியிட்ட பல் மருத்துவ நூலிலேயே உலோகத் தண்டை வேருக்குள் பொருத்தும் முறை இருக்கிறது. மரக்குச்சியும் நட்டுப் பார்த்தார்கள். மரம் ஈரம் குடித்து உப்பியது. உப்பியதில் வேர் பிளந்தது. பிறகு வார்ப்பு உலோகத்தில் போஸ்டும் உள்கட்டையும் ஒரே துண்டாகச் செய்தார்கள். நம் ஊர்களில் நெடுங்காலம் அதுதான். அது லேசில் கழலாது. ஆனால் எஃகின் விறைப்பு ஏறத்தாழ 200 கிகாபாஸ்கல். பல்லின் உடம்பான டென்டினின் விறைப்பு ஏறத்தாழ 18. கடிக்கும் விசை அத்தனையும் வளையாத கம்பி வழியாக இறங்கி வேரின் சுவரில் ஒரே இடத்தில் குவியும். பல ஆண்டுகள் தாங்கிவிட்டு ஒரு நாள் வேர் நீளவாக்கில் பிளக்கும். பிளந்த வேருக்கு வைத்தியம் கிடையாது. பிடுங்க வேண்டியதுதான்.

டென்டின் வளைகிற அளவுக்குக் கூடவே வளைகிற போஸ்ட் வேண்டும் என்ற யோசனை அங்கிருந்து வந்தது. 1990இல் பிரான்சில் டூரே குழுவினர் கார்பன் நாரை எபாக்சி பிசினில் பதித்துச் செய்த போஸ்டை அறிமுகப்படுத்தினார்கள். கறுப்பு நிறம். முன்பல்லில் போட்டால் கேப்புக்குள்ளிருந்து நிழல் தட்டியது. பிறகு குவார்ட்ஸ் நாரும் கண்ணாடி நாரும் வந்தன. வெள்ளையாக, வெளிச்சம் ஊடுருவுகிற போஸ்ட்கள். இத்தாலியின் சியானா பல்கலைக்கழகத்தில் மார்கோ ஃபெராரி குழு 1304 நார் போஸ்ட்களைப் பின்தொடர்ந்து 2000இல் வெளியிட்ட கணக்கில் தோல்வி 3.2 சதவீதம். அதில் பெரும்பங்கு, 25 போஸ்ட்கள், ஒட்டு விட்டுக் கழன்றவை. மீதி வேர் நுனியில் கோளாறு வந்தவை. உலோகத்தின் நோய் வேரைப் பிளப்பது என்றால் நாரின் நோய் கழன்றுகொள்வது. கழன்றதை மறுபடி நடலாம், பிளந்ததை ஒன்றும் செய்ய முடியாது. அந்த வகையில் இது நல்ல நோய்தான். ஆனாலும் நோய் நோய்தானே.

ஏன் கழல்கிறது? போஸ்டை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தால் பாதி விளங்கிவிடும். ஆயிரக்கணக்கான கண்ணாடி நார்களை இழுத்துப் பிடித்து, அவற்றினூடே எபாக்சி பிசினைச் செலுத்தி, சூட்டில் இறுக வைத்து, தேவையான தடிமனுக்குக் கடைந்து எடுக்கிறார்கள். தொழிற்சாலையை விட்டு வரும்போதே எபாக்சி முழுக்க இறுகி முடிந்துவிட்டது. அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, புதிதாக வருகிறவற்றோடு சேரக் கை எதையும் மிச்சம் வைக்கவில்லை. டாக்டர் பயன்படுத்தும் சிமென்ட்டோ மெத்தாக்ரிலேட் என்கிற வேறு குடும்பத்துப் பிசின். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். வேதியியலில் ஒன்றையொன்று தொடாது. சேரக்கூடியது உள்ளே இருக்கும் கண்ணாடி நார்தான். அது எபாக்சிக்கு அடியில் மூடிக் கிடக்கிறது.

இதைச் சோழவந்தானில் எந்தக் கொத்தனாரும் புரிந்துகொள்வார். பழைய வழுவழுப்பான சுவரில் புதுப் பூச்சு பூசச் சொன்னால் அவர் நேராகக் கரண்டியை எடுக்க மாட்டார். முதலில் கொத்துவார். தூசியைக் கழுவி, தண்ணீர் தெளித்து, சிமென்ட் பால் அடித்து, அதற்குப் பிறகுதான் பூசுவார். கொத்தாமல் பூசினால் வெயில் காலத்தில் பூச்சு பாளம் பாளமாக விழும். அதற்காக ஆவேசமாகக் கொத்தினால் செங்கல்லே ஆடிப்போகும். போஸ்டின் மேற்பரப்பைத் தயார் செய்வது பற்றி கடந்த முப்பது ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கிற ஆராய்ச்சி அத்தனையும் இந்த ஒரே கேள்விதான்: கண்ணாடி நார் வெளியே தெரியும் அளவுக்குக் கொத்துவது எப்படி, நார் உடையாமல்?

சிமென்ட் பாலின் இடத்தில் இங்கே இருப்பது சிலேன். பல் மருத்துவத்துக்கு வெளியே பிறந்தது அது. 1940களில் அமெரிக்காவில் கண்ணாடி நாரையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்து விமான உதிரிப் பாகங்கள் செய்யத் தொடங்கினார்கள். காய்ந்திருக்கும்வரை பலமாக இருந்த பொருள், ஈரம் பட்டதும் பலவீனமானது. தண்ணீர் கண்ணாடிக்கும் பிசினுக்கும் நடுவில் புகுந்து இரண்டையும் பிரித்தது. அதற்கு மருந்தாக வந்த மூலக்கூறுக்கு இரண்டு முனை: ஒரு முனை கண்ணாடியின் சிலிக்காவோடு கைகோக்கும், மறு முனை பிசினோடு. வாஷிங்டனில் தேசியத் தர நிர்ணய ஆணையத்தில் வேலை பார்த்த ரஃபேல் போவன் 1962இல் காப்புரிமை பெற்ற பல் நிரப்பிக் கலவையில் சிலிக்காத் துகளைப் பிசினோடு கட்டிப்போட்டது இதே யோசனைதான். இன்று பல் நிறத்தில் அடைக்கிறார்களே, அந்தக் கலவை இதன் வழிவந்தது.

இவ்வளவு கெட்டிக்காரச் சிலேனைப் புது போஸ்டின் மேல் ஒரு தடவை தடவிவிட்டால் போதாதா? பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் சிலேன் பிடிப்பது கண்ணாடியை. மேலே இருப்பது எபாக்சி. கடைசல் பட்டு வெளியே தெரியும் நார்களை மட்டும் அது பிடிக்கும். மேற்பரப்பு நன்றாக நனைவதால் கொஞ்சம் லாபம் உண்டு. அதனால்தான் சிலேன் மட்டும் தடவிய ஆய்வுகளில் சிலது உதவியது என்கிறது, சிலது ஒன்றும் நடக்கவில்லை என்கிறது. இரண்டும் பொய் இல்லை.

சிலேனைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும், குறிப்பாக எங்கள் பக்கத்துக்கு. ஒரே பாட்டிலில் கலந்து வரும் சிலேன் காலப்போக்கில் தனக்குள்ளேயே பிணைந்துகொண்டு வேலைக்கு ஆகாமல் போகும். தெளிந்த நீராக இருந்தது கலங்கினால் ஆயுள் முடிந்தது. சூடு இதை வேகப்படுத்தும். அக்னி நட்சத்திரத்தில் மதுரைப் பக்கம் 40 டிகிரியைத் தொடுகிறது. மதியம் பூட்டிய கிளினிக்குக்குள் இன்னும் கூடும். ஃபிரிட்ஜில் வைக்க வேண்டிய பாட்டிலை மேசை இழுப்பறையில் மாதக்கணக்கில் வைத்துவிட்டு, அதன்பிறகு போஸ்ட் கம்பெனியைத் திட்டுவதில் நியாயம் இல்லை.

இனி கொத்தும் முறைகளுக்கு வருவோம். முதலில் நினைவுக்கு வருவது மணல் வீச்சு. மணல் என்று பேருக்குச் சொல்கிறோம். உண்மையில் 50 மைக்ரான் அளவுள்ள அலுமினியம் ஆக்சைடு பொடி, காற்றழுத்தத்தில் பீய்ச்சப்படுகிறது. மேற்பரப்பு கரடுமுரடாகும், எபாக்சி கொஞ்சம் உரிந்து நார் தெரியும். ஒட்டும் கூடுகிறது. ஆனால் கை நிதானம் வேண்டும். ஒரு விநாடி கூடுதலாக, ஒரு விரற்கடை கிட்டத்தில் பிடித்தால் நாரும் சேர்ந்து சிதறும், போஸ்டின் தடிமனும் குறைந்து குழிக்குள் லொடலொடக்கும். பொடியின் மேலேயே சிலிக்கா பூசி வீசுகிற முறையும் உண்டு. மோதுகிற வேகத்தில் சிலிக்கா போஸ்டின் மேல் பதிந்துகொள்ளும், சிலேனுக்குப் பிடிக்க இடம் கிடைக்கும். யோசனை அருமை, கருவி விலை அதிகம்.

அடுத்தது ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம். பீங்கான் கேப்பின் உட்புறத்தை ஒட்டுக்குத் தயார் செய்ய அதற்கு ஈடு இல்லை. பீங்கானில் அது கண்ணாடிப் பகுதியைக் கரைத்துப் பொந்து பொந்தாக்கும். படிகம் அப்படியே நிற்கும். அந்தப் பழக்கத்தில் சிலர் போஸ்டிலும் தடவிப் பார்த்தார்கள். போஸ்டில் விஷயம் தலைகீழ். இங்கே சுமை தாங்குவதே கண்ணாடி. எபாக்சியை விட்டுவிட்டு அமிலம் நாரைத்தான் தின்னும். நுண்ணோக்கியில் பார்த்தால் நார்கள் நெடுக விரிசல் விட்டிருக்கும். ஒட்டு வலு சில சோதனைகளில் கூடக் காட்டலாம். பலவீனமான கம்பியை வலுவாக ஒட்டி என்ன ஆகப்போகிறது? என் தீர்ப்பு கேட்டால், போஸ்ட் பக்கமே இந்த அமிலம் வர வேண்டாம். பல்லைத் தயார் செய்யும் 37 சதவீத பாஸ்பாரிக் அமிலம் எபாக்சியை ஒன்றும் செய்யாது. அழுக்கு எடுக்க உதவும், அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்த முறை ஹைட்ரஜன் பெராக்சைடு. அது வந்த வழியே சுவாரசியம். எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்காகத் திசுக்களை எபாக்சியில் பதித்து மெல்லிய சீவல்களாக வெட்டுவார்கள். திசுவின் உள்ளே இருக்கும் புரதத்தை எதிர்ப்பொருள் விட்டுத் தேட வேண்டுமென்றால் மேலே மூடியிருக்கும் எபாக்சி தடை. அதைக் கொஞ்சமாகக் கரைத்துத் திசுவை வெளியே காட்ட அவர்கள் பயன்படுத்தியது பெராக்சைடு. பல் ஆராய்ச்சிக்காரர்கள் இந்த உபாயத்தை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். சியானாவில் மோன்டிசெல்லி, வானோ, ஃபெராரி முதலியோர் 2006இல் வெளியிட்ட சோதனைகளில் போஸ்டை 10 சதவீதக் கரைசலில் 20 நிமிடமும், 24 சதவீதக் கரைசலில் 10 நிமிடமும் ஊறவைத்தார்கள். மேலே இருந்த எபாக்சி கரைந்து போனது. நார்கள் முழுசாக, உடையாமல், வெளியே நின்றன. நார்களுக்கு நடுவில் கிடைத்த இடைவெளியில் பிசின் புகுந்து பிடித்தது; வெளியே வந்த கண்ணாடியைச் சிலேன் பிடித்தது. ஒரே செயலில் இரண்டு வகைப் பிடி.

அதே குழு பொட்டாசியம் பர்மாங்கனேட்டையும் முயன்றது. அது மின்னணுப் பலகைத் தொழிலிலிருந்து வந்த வித்தை. எபாக்சிப் பலகையில் செம்பு பூசுவதற்கு முன் மேற்பரப்பைப் பதப்படுத்த அங்கே பர்மாங்கனேட்டைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதுவும் பலன் தந்தது. ஆனால் படிகள் அதிகம், கறையும் அதிகம். நாற்காலியில் வாய் திறந்து உட்கார்ந்திருக்கும் மனிதரை வைத்துக்கொண்டு செய்யக்கூடிய வேலை இல்லை.

பத்து நிமிடமே கூட அதிகம்தானே என்ற கேள்வி வந்தது. பிரேசிலில் மெனேசெஸ் குழு 2011இல் 24, 50 சதவீதக் கரைசல்களை 1, 5, 10 நிமிடங்கள் என்று வைத்துப் பார்த்தது. ஒரு நிமிடமே ஒட்டைக் கூட்டப் போதுமானதாக இருந்தது. சிறிய ஊர்க் கிளினிக்குக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது. மணல் வீச்சுக் கருவி வேண்டாம். மருந்துக் கடையில் காது அழுக்குக்கும் புண் கழுவவும் விற்கும் பெராக்சைடு 6 சதவீதம்தான், அது இதற்குப் போதாது. ஆனால் பல்லை வெளுப்பாக்க டாக்டர்கள் வைத்திருக்கும் ஜெல்லில் 35 சதவீதம்வரை உண்டு. வேலை நடப்பது வாய்க்கு வெளியே, ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில். முடிந்ததும் தண்ணீரில் நன்றாக அலச வேண்டும். மிச்சம் இருக்கும் ஆக்சிஜன் சிமென்ட்டை இறுக விடாது. பிறகு உலர்த்தி, சிலேன் தடவி, வெதுவெதுப்பான காற்றில் மறுபடி உலர்த்துவது. ஒரு போஸ்டுக்கு ஆகும் கூடுதல் நேரம், அடுத்த நோயாளி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிற நேரம்தான். (இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் 35 சதவீத பெராக்சைடைத் தொட வேண்டாம். தோல் வெந்துவிடும்.)

ஒரு எச்சரிக்கை. எல்லா போஸ்டும் வெறும் உடம்போடு வருவதில்லை. சில நிறுவனங்கள் தொழிற்சாலையிலேயே சிலிக்கா, சிலேன் பூசி, அதன் மேல் ஒரு பாதுகாப்புப் படலமும் போட்டு அனுப்புகின்றன. அதைக் கிண்ணத்தில் ஊறப் போட்டால், காசு கொடுத்து வாங்கிய பூச்சை நாமே கழுவிவிட்டதாகும். பின்லாந்தின் துர்க்கு நகரில் பெக்கா வல்லிட்டுவின் ஆராய்ச்சியிலிருந்து வந்த எவர்ஸ்டிக் போஸ்டோ வேறு ரகம். இறுகாத நிலையில், வளைக்கக்கூடியதாக வருகிறது. அதன் பிசினுக்குள் சிமென்ட்டே ஊடுருவிக் கலக்கும். கொத்தும் வேலையே மிச்சம். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுக் காகிதத்தை வாசிக்கிற பழக்கம் நம் தொழிலில் குறைவு. இந்த விஷயத்தில் அது வாசிக்க வேண்டிய காகிதம். வேரில் வைத்து அளவு பார்த்த போஸ்டை எச்சிலோடு அப்படியே எடுத்து ஒட்டும் பழக்கத்துக்கும் இதே கதிதான். அளவு பார்த்தபின் ஆல்கஹாலில் துடைத்து எடுக்காவிட்டால் முன்னால் செய்த எதற்கும் பொருள் இல்லை.

இவ்வளவையும் சரியாகச் செய்த பிறகும் போஸ்ட் கழலும். அப்போது குச்சியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், பெரும்பாலும் சிமென்ட் குச்சியோடு வந்திருக்கும். வேரின் சுவர் இரண்டாவது சுவர். அதுதான் கொத்தனாருக்குக் கைக்கு எட்டாத சுவர். ஓரிரு மில்லிமீட்டர் அகலம், பத்து மில்லிமீட்டருக்கு மேல் ஆழம், இருட்டு. வேர் சிகிச்சையில் கிருமியைக் கொல்ல ஊற்றிய சோடியம் ஹைப்போகுளோரைட் டென்டினில் ஆக்சிஜனை விட்டுச் செல்கிறது. வேரை அடைக்கச் சேர்த்த பசையில் கிராம்பு எண்ணெய்ச் சத்தான யூஜினால் இருந்தால் அதுவும் பிசினை இறுக விடாது. போஸ்டுக்குக் குழி எடுக்கும் துளைகருவியின் சூட்டில் குட்டா பெர்ச்சா உருகிச் சுவரெங்கும் இழுவிக் கிடக்கும். சிமென்ட்டை இறுக்க, நீல நிறத்தில் ஒளிரும் விளக்கின் வெளிச்சம் அடிவரை போகாது. அதனால் வெளிச்சத்திலும் தானாகவும் இறுகும் இரட்டைச் சிமென்ட் தேவைப்படுகிறது.

இதற்கெல்லாம் மேலாக ஒரு வடிவப் பிரச்சினை. பிசின் இறுகும்போது சுருங்கும். சாதாரணக் குழி அடைப்பில் மேல்பக்கம் திறந்திருப்பதால் சுருக்கத்துக்கு விட்டுக்கொடுக்க இடம் உண்டு. ஒட்டிய பரப்புக்கும் ஒட்டாத பரப்புக்கும் உள்ள விகிதம் அங்கே அதிகம் போனால் 5. வேருக்குள் சுற்றிலும் சுவர், நடுவில் போஸ்ட். விகிதம் 200ஐத் தாண்டலாம் என்று புயாகே குழு 2003இல் கணக்கிட்டது. சுருங்கும் பிசின் எங்காவது விட்டாக வேண்டும், பலவீனமான சுவரை விடுகிறது. இதன் தொடர்ச்சியாக 2005இல் சியானாவின் செசிலியா கொராச்சி குழு கேட்ட கேள்வி பலருக்குக் கசந்தது. போஸ்ட் வேருக்குள் நிற்பது ஒட்டினாலா, வெறும் உரசலாலா? பிணைப்புப் பசை போட்ட போஸ்டுக்கும் போடாததற்கும் பெயர்க்கத் தேவையான விசையில் பெரிய வித்தியாசம் இல்லை. நிற்பதில் உரசலுக்குத்தான் பெரும்பங்கு என்று அவர்கள் சொன்னார்கள். ஆராய்ச்சிக்காரர் தன் தொழிலின் அடித்தளத்தையே கொத்திப் பார்ப்பது அபூர்வம். எனக்கு அந்தக் கட்டுரையின் மேல் தனி மரியாதை உண்டு.

இங்கே தமிழ்நாட்டு ஆய்வுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னை கிண்டியிலுள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு நம் பல் மருத்துவக் கல்லூரிகளின் முதுநிலை மாணவர்கள் சமர்ப்பிக்கும் ஆய்வேடுகளில் போஸ்டும் அதன் மேற்பரப்பும் விருப்பமான தலைப்பு. முறை ஏறத்தாழ ஒன்றுதான். பிடுங்கிய பல்லின் வேரில் போஸ்டை ஒட்டி, வேரைக் குறுக்கே 1 மில்லிமீட்டர் வில்லைகளாக வெட்டி, ஒவ்வொரு வில்லையிலும் நடுவில் தெரியும் போஸ்டை இயந்திரத்தால் கீழே தள்ளி, எந்த விசையில் பெயர்கிறது என்று அளப்பார்கள். நேர்மையான, சுத்தமான வேலை. ஆனால் அந்தப் பற்கள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் பல் வரிசையைச் சீராக்கக் கம்பி கட்டும் இளவயதுப் பிள்ளைகளிடம் எடுத்த முன்கடைவாய்ப் பற்கள். ஒழுங்கான ஒற்றை வேர், சொத்தை அறியாத டென்டின், திறந்த நுண்குழாய்கள். கொடிக்காலில் நாற்பது வருடம் உழைத்து வெற்றிலை போட்ட அறுபது வயதுக்காரரின் வேர் அப்படி இருக்காது. அவருடைய டென்டின் இறுகி, நுண்குழாய்கள் கனிமம் அடைத்து மூடியிருக்கும். பிசின் புக வழி குறைவு. வாய்க்குள் போஸ்டை யாரும் ஒரேயடியாகக் கீழே தள்ளுவதும் இல்லை. லட்சக்கணக்கான தடவை பக்கவாட்டில் ஆட்டுகிறார்கள், நடுநடுவே சூடான காபியும் குளிர்ந்த மோரும் ஊற்றுகிறார்கள். ஆய்வகம் எந்த முறை எதைவிட மேல் என்று வரிசைப்படுத்தும். எத்தனை வருடம் நிற்கும் என்று அது சொல்லாது.

அதனால் சோழவந்தானில் ஒரு நாற்காலியும் ஒரு கம்ப்ரசரும் வைத்திருக்கும் டாக்டருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். போஸ்டின் பக்கம் செய்ய வேண்டியது குறைவு, மலிவு. பெராக்சைடும் சிலேனும் போதும். மிச்சமாகும் கவனத்தை வேரின் சுவரில் செலவழியுங்கள். அங்கே ஈ.டி.டி.ஏ. என்கிற கரைசலைக் கொண்டு சுவரில் படிந்த படிவை எடுப்பது, சுவரில் ஒட்டிய குட்டா பெர்ச்சாவைக் கண்ணால் பார்த்துச் சுரண்டுவது, காகித முனைகளால் உலர்த்துவது, நீண்ட மெல்லிய முனையால் அடியிலிருந்து மேலாகச் சிமென்ட்டை நிரப்புவது, எச்சில் வராமல் ரப்பர் திரை கட்டுவது என எல்லாமே நேரம் கேட்கிற வேலை. மதுரைக்கு இருபது சொச்சம் கிலோமீட்டர் பஸ்ஸிலோ ரயிலிலோ போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் செய்துகொண்டாலும் இந்த வேலைகள் மாறாது. கருவிதான் மாறும்.

வாசகர்கள் கேட்கிறார்கள்: கழன்றதை அப்படியே ஒட்டினால் என்ன? கேப்பைப் பெரும்பாலும் காப்பாற்றலாம். பழைய போஸ்டைக் காப்பாற்றுவது வீண். பழைய சிமென்ட்டும் எச்சிலும் ஊறிய அதன் மேற்பரப்பைப் புதிதாக்குவதைவிடப் புதுப் போஸ்ட் எடுப்பது சுலபம். வேரின் பழைய சிமென்ட்டையும் சுரண்டி எடுத்தாக வேண்டும். அதனால்தான் 'சும்மா ஒட்டுற' வேலைக்கு டாக்டர் முக்கால் மணி நேரம் கேட்கிறார், கேட்டால் கோபப்படாதீர்கள். ஐந்து நிமிடத்தில் ஒட்டித் தந்தால் கொஞ்சம் கவலைப்படுங்கள். கூடவே அவர் எக்ஸ்ரே எடுத்து, ஈறுக்கு மேலே பல்லின் சொந்தச் சுவர் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளந்து பார்ப்பார். கேப்பின் விளிம்பு அணைத்துப் பிடிக்க ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் உயரத்துக்குச் சுற்றிலும் பல் இருந்தால், ஒட்டு சுமாராக இருந்தாலும் பல்லும் போஸ்டும் தாக்குப்பிடிக்கும். அது இல்லாத பல்லில் எந்தப் பெராக்சைடும் எந்தச் சிலேனும் ரொம்ப நாள் காப்பாற்றாது. போஸ்டின் மேல் எல்லாச் சுமையும் விழும். அந்த 2 மில்லிமீட்டரை ஈறுக்கு அடியிலிருந்து வெளியே கொண்டுவர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று கத்தி, இன்னொன்று ரப்பர் வளையம். இரண்டாவதில் வேரையே மெல்ல மேலே இழுப்பார்கள். அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)